கூழாங்கல் புழுவும் முருகேசன் மாமாவும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிறவள். ஊர்வன பாடம் வந்தால், புத்தகத்தில் இருக்கும் பல்லிப் படத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவேன். "படத்தைப் பார்க்காமல் கற்பனையில் பாருங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். (ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, நல்ல முறை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். நல்லா இருக்கட்டும் மனுஷன்.)

பாம்பு, தேள், பூரான் எதுவும் எனக்குப் பிரச்சினை இல்லை. பல்லி மட்டும்தான். அதுவும் பயம் வந்தால் மற்றவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கால்தான் ஒட்டிக்கொள்ளும், வாய் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடும். சொல்லக் கூடியது, கூடாதது என்று அதற்கு ஒன்றும் கிடையாது. இந்த வியாதிதான் என் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட முடித்துவைத்தது. முடித்துவைத்தது என்றால், தொடங்குவதற்கு முன்பே.

சரவணனை நான் சந்தித்ததும் இப்படி ஒரு பயத்தில்தான். கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தோம். மேலே கல் படுக்கை ஓரத்தில் ஓணான் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்கு அது சாப்பாடு போட்டு வளர்த்த பல்லி. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். வாய் மட்டும், "பிள்ளைகளா, ஊர்வன குளிர் ரத்தப் பிராணிகள், அவற்றுக்கு நான்கு கால்கள்" என்று ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் எல்லாம் எப்போதோ கீழே இறங்கிப் போயிருந்தார்கள்.

வேறொரு பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த வரலாற்று வாத்தியார் ஒருவர் எனக்கும் ஓணானுக்கும் நடுவில் வந்து நின்றார். வாடிப்பட்டிக்காரர். பெயர் சரவணன்.

"பயப்படாதீங்க டீச்சர். இந்த மாதிரிக் கல்லுல படுத்துக் கெடக்குறதுக்கு அந்தக் காலத்துல கிரேக்கர்கள் ஒரு பேரு வச்சிருந்தாங்க. குரோக்கோடைலோஸ். கூழாங்கல் புழுன்னு அர்த்தம் சொல்றாங்க. வெறும் புழு. இதுக்குப் போயி பயந்துக்கிட்டு."

"குரோக்கடைல்னா முதலைல்ல?" என்றேன், கண்ணை ஓணானை விட்டு எடுக்காமல்.

"அதத்தான் சொல்ல வாரேன். அவங்க ஊர்ல முதலை கெடையாது. கல் வேலியில ஓடுற பல்லிதான் உண்டு. கொஞ்சப் பேரு எகிப்துக்குப் போனப்ப, நைல் ஆத்துல அம்புட்டுப் பெரிய முதலையப் பாத்துட்டாங்க. பாத்ததும் ஈரக்கொலை நடுங்கிருச்சு. இதுக்கு என்ன பேரு சொல்றதுன்னு தெரியல. நம்ம வீட்டு வேலியில கெடக்குறது மாதிரியே இருக்கேன்னு, அந்தப் பல்லி பேரையே வச்சுட்டாங்க. பல்லி பேருதான் டீச்சர், உலகம் பூரா இன்னைக்கு முதலைக்குப் பேரா இருக்கு."

அதோடு விடவில்லை. அவர் கதைக்கு ஒரு வால் உண்டு. அவருடைய மாமா ஒருவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனாராம். போன மறுநாள் அதிகாலைப் பனியில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தவர் முகத்துக்கு நேராக ஒட்டகம் ஒன்று நின்றிருக்கிறது. அலறியடித்து உள்ளே ஓடி வீட்டுக்குப் போன் போட்டவர், "இங்க ஒரு லச்சுமி நிக்குது, ரெண்டாள் ஒசரம்" என்று அழுதாராம். லச்சுமி அவர்கள் வீட்டு மாடு. "எங்க மாமாவும் கிரேக்கரும் ஒண்ணுதான் டீச்சர்" என்று சரவணன் முடித்தபோது நான் சிரித்துவிட்டேன். ஓணான் எப்போது போனது என்று தெரியவில்லை. (பின்னாளில் நானே அகராதிகளைப் புரட்டிப் பார்த்தேன். கூழாங்கல், புழு என்று பிரிப்பது சரிதானா என்று அறிஞர்களுக்கே முழு உறுதி இல்லையாம். பல்லி பேர் முதலைக்குப் போனது மட்டும் நிஜம். அதற்குள் நான் காதலித்து முடித்திருந்தேன்.)

இரண்டு வருஷம் இப்படியே போனது. வீட்டில் சொல்ல வழியில்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரையும் ஆகாது, காதலும் ஆகாது. சர்க்கரைக்காவது மாத்திரையைப் போட்டுக்கொண்டு அரை ஜிலேபி தின்பார். பக்கத்துத் தெருவில் இருக்கிற சித்தப்பாவோடு பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. சித்தியைச் சித்தப்பாவே தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்பதுதான் காரணம். சரவணன் வீட்டில் அப்பா கிடையாது. எதுவானாலும் தாய்மாமன் முருகேசன் தலையசைத்தால்தான் நடக்கும். ஆமாம், லச்சுமி மாமாவேதான்.

அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பல பேர் செய்கிற வேலையை நாங்களும் செய்தோம். ஒரே தரகரிடம் தனித்தனியாகப் போய் ஜாதகத்தைக் கொடுத்தோம். அவர் பொருத்தம் பார்த்து, என்னமோ தானே புதையல் எடுத்த மாதிரி இரண்டு வீட்டுக்கும் ஓடினார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதென்று முடிவானது. அன்று நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்ள வேண்டும். கடைசி மூன்று நாள் போனில் ஒத்திகை பார்த்தோம். நிமிர்ந்து பார்க்கக் கூடாது. 'டா' வந்துவிடக் கூடாது. அவனுக்குக் காபியில் சர்க்கரை பிடிக்காது என்பது எனக்குத் தெரியக் கூடாது.

"ஒளறிறாத சித்ரா. மாமாவுக்கு மட்டும் தெரிஞ்சுச்சு, அம்புட்டுதான்" என்று அவன் நூறு தடவை சொன்னான். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா நான் சித்தப்பா வீட்லதான் குடியிருக்கணும்" என்று நானும் நூறு தடவை சொன்னேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இந்த ஒரு மணி நேரம் தப்பினால் சரவணன், தப்பாவிட்டால் யாரோ. 

எங்கள் வீடு செல்லூரில், நெசவுத் தறிகளுக்கு நடுவில் இருக்கிற சந்தில். இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும். எங்கள் தெருவில் கொஞ்சுவதையும் கத்தித்தான் கொஞ்ச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். சரவணன், அவன் அம்மா, முருகேசன் மாமா. மாமா நல்ல வாட்டசாட்டம், முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. இந்த மனுஷனா போனில் அழுதார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். குனிந்த தலை, சரியான நடை, எல்லாம் ஒத்திகைப்படி. தட்டை நீட்டும்போது தற்செயலாக நிமிர்ந்தேன். மாமா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் மேலே, டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு வால் தொங்கியது.

அதற்குப் பிறகு என் கண் அந்த வாலை விட்டு இறங்கவில்லை. வால் கொஞ்சம் ஆடியது. தலை வெளியே வந்தது. நல்ல தடித்த, பழைய பல்லி. நீட்டிய தட்டை நீட்டியபடியே நின்றேன். அம்மா தட்டை வாங்கிக் காபியும் பஜ்ஜியும் கொடுத்துவிட்டு என்னைப் பாயில் உட்காரவைத்தாள்.

சரவணனின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தறிச் சத்தத்தை மீறி அம்மாவிடம் கேட்டார். "ஏந்தாயி, பொண்ணு மோட்டுவளையவே பாத்துக்கிட்டு இருக்கே. கண்ணுல எதுவும் கோளாறா?"

"அதெல்லாம் இல்லீங்க. கூச்சம்" என்றாள் அம்மா. (கூச்சப்படுகிற பெண்கள் தரையைத்தான் பார்ப்பார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும்.)

"கூச்சப்பட்டா எப்புடி? டீச்சர்ல்ல. புள்ளைகளுக்கு என்ன சொல்லிக் குடுப்பத்தா? ஒண்ணு சொல்லு, நாங்களும் கேப்போம்."

சாதாரணமான கேள்வி. 'தாவரங்கள் பச்சையாக இருக்கும்' என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் பல்லி இரண்டு அடி முன்னால் வந்து, மாமாவின் உச்சந்தலைக்கு மேலே தலைகீழாக நின்றது. எனக்குக் கால் மரத்துவிட்டது. வாய் கிளம்பிவிட்டது.

"குரோக்கோடைலோஸ்னா கூழாங்கல் புழுங்க" என்றேன்.

கூடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரவணன் மட்டும் காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தான். வைத்தவன், யாருக்கும் தெரியாமல் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். எனக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. கிரேக்கர், கல் வேலி, எகிப்து, நைல், ஈரக்கொலை என்று வரிசை மாறாமல் எல்லாம் வந்தது. அப்பாவுக்கு ஒரே பெருமை. மகள் இத்தனை படித்திருக்கிறாள் என்று மீசையைத் தடவிக்கொண்டார். சரவணன் இருமினான். பிறகு இன்னும் பலமாக இருமினான். தண்ணீர் கொண்டுவர அம்மா எழுந்தாள். பல்லி வாலைச் சுழற்றியது.

"இப்பக்கூட அப்படித்தாங்க. வாடிப்பட்டிக்காரர் ஒருத்தர் வளைகுடாவுக்குப் போயி, மொதத் தடவ ஒட்டகத்தப் பாத்துட்டு, இங்க ஒரு லச்சுமி நிக்குது, ரெண்டாள் ஒசரம்னு வீட்டுக்குப் போன் பண்ணி அழுதாராம்" என்று முடித்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெருவில் இருந்த அத்தனை தறிகளும் ஒன்றாக நின்றன. எங்கள் சந்தில் அப்படியொரு அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. நான் கடைசியாகச் சொன்ன 'அழுதாராம்' மட்டும் கூடத்தில் தனியாக நின்றது.

முருகேசன் மாமா மெதுவாகப் பஜ்ஜித் தட்டை ஓரமாக வைத்தார். "லச்சுமி எங்க வீட்டு மாடு" என்றார்.

பிறகு சரவணன் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பேச்ச எங்க வீட்டு வாசப்படி தாண்டி எவனும் பேச மாட்டான். இந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? ஏன் மாப்ள, ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

எனக்குப் பயத்தில் வாய் ஓடுவது மாதிரி, சரவணனுக்குப் பயத்தில் வாய் அடைத்துவிடும் போலிருக்கிறது. வரலாற்று வாத்தியார் வாயைத் திறந்து திறந்து மூடினார். அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த பெருமை வடிந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் மிகவும் பயமாக இருந்தது.

"சித்ரா, இந்தத் தம்பிய ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுப்பா" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அண்ணே, இனிக் கேக்க என்ன இருக்கு. ரெண்டு பேரும் முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க."

ச்சு, ச்சு, ச்சு, ச்சு.

மேலே இருந்து பல்லி சொன்னது. தறி ஓடிக்கொண்டிருந்தால் ஒருவர் காதிலும் விழுந்திருக்காது. சத்தமில்லாத கூடத்தில் அது கோயில் மணி மாதிரி கேட்டது.

ஒரு பேச்சு முடிந்ததும் பல்லி சொன்னால் அந்தப் பேச்சு சத்தியம். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். கேட்ட உடனே விரலை மடக்கித் தரையில் தட்ட வேண்டும். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. சரவணனின் அம்மா தட்டினார். என் அம்மா தட்டினாள். சரவணன் தட்டினான். மாமா நின்றுகொண்டிருந்ததால் நாற்காலிக் கையில் தட்டினார். பல்லிக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த நானும் தட்டினேன். ஒரு வினாடி தாமதமாக இன்னொரு டக் டக் கேட்டது. அது என் அப்பா.

"கவுளி சொல்லிருச்சு" என்றார் சரவணனின் அம்மா. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சொன்னா சொல்லட்டும்க்கா. என்னையப் பாத்து ஊரெல்லாம் சிரிக்க வச்சுருக்கான் ஒம் மகன். இனி இந்த வீட்ல நான் கை நனைக்க மாட்டேன். தாய்மாமன் இல்லாம நீங்களே நடத்திக்கங்க." மாமா வாசலைப் பார்த்து நடந்தார்.

தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் செருப்புக்குள் காலை நுழைத்துவிட்டால் முடிந்தது. எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். கரண்ட் போனதும் லைட்டை விட்டுக் கிளம்பிய பல்லி, சுவரோடு சுவராக ஓடி, வாசல் நிலைப்படிக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. மாமா அதற்குக் கீழேதான் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கூடத்தை நான் கடந்ததில்லை. நிஜத்தில் அது எட்டு அடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையைத் தலைக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு போய், நிலைப்படிக்குக் கீழே, பல்லிக்கு நேர் அடியில் நின்றேன். பல் அடித்துக்கொண்டது.

"மாமா, போகாதீங்க" என்றேன். (பெண் பார்க்க வந்த இடத்தில் 'மாமா' என்று கூப்பிட்டதும் அப்பாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிருக்கும்.) "உங்களக் கேலி பண்ணிச் சொல்லல மாமா. ஒரு நாட்டு ஜனமே பயந்துபோயி என்ன பண்ணுச்சோ, அதத்தான நீங்களும் பண்ணீங்க. தெரியாத ஊர்ல பெருசா ஒண்ணு வந்து நின்னா, மனுசனுக்கு வீட்டு ஞாபகம்தான வரும்."

மாமா செருப்பைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். "அவங்களப் பாத்தும் பத்து வருசமா சிரிச்சாங்களா?"

"இல்ல மாமா. அவங்க சொன்னதையே உலகமும் சொல்லிப் பழகிருச்சு. புஸ்தகத்துல அச்சடிச்சு வச்சிருக்காங்க. எம் புள்ளைக அதத்தான் பரிட்சையில எழுதுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு நீ எதுக்கு இப்படி வெடவெடங்குற? நான் என்ன அடிக்கவா போறேன்?"

 விரலை மட்டும் மேலே காட்டினேன். அவர் நிமிர்ந்து பல்லியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முந்தானைக் குடையைப் பார்த்தார்.

"இதுக்கா?"

"ஆமா மாமா."

"பல்லிக்கு?"

"ஆமா மாமா. உசுரு போகுது."

"இம்புட்டு பயத்த வச்சுக்கிட்டா இங்க வந்து நின்ன?" என்றார். மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "அன்னைக்கு ரெண்டு நாளு கூடாரத்த விட்டு வெளிய வரல ஆத்தா. பயலுக யாரும் அதச் சொல்ல மாட்டானுக. சிரிக்க மட்டும் சிரிப்பானுக." செருப்பை ஓரமாக வைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து வீசினார். பல்லி வெளிச்சுவருக்கு ஓடியது. மாமா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பஜ்ஜியைத் தொடர்ந்தார்.

அப்பா மட்டும் அசையவில்லை. "எனக்கு இதுல விருப்பமில்லீங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

"அதெப்புடிங்க சம்பந்தி" என்றார் சரவணனின் அம்மா. "நீங்களும்தான தட்டுனீங்க?"

அப்பா தன் விரலைப் பார்த்துக்கொண்டார். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை. மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நாலாவது வாரம் பத்திரிகைக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும்போது, சித்தப்பா பெயரை அவரே தன் கையால் எழுதினார். என்னிடம் காட்டவில்லை. அச்சாகி வந்தபோதுதான் பார்த்தேன். அன்று கொஞ்சம் அழுதேன்.

சரவணனைக் கட்டிக்கொண்டு வாடிப்பட்டிக்கு வந்தேன். ஓட்டு வீடு. சரவணனோடு கூடவே குறைந்தது நாற்பது பல்லிகளும் கிடைத்தன. விரட்டலாம் என்று விளக்குமாற்றை எடுத்த முதல் நாளே அத்தை கையைப் பிடித்துவிட்டார். "சம்பந்தம் பேசி முடிச்ச தரகரு அது. அதையா அடிக்கப் போற?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பல்லிக்குப் பெயர் தரகர். "சித்ரா, சமையக்கட்டுல தரகரு நிக்காரு, பாத்துப் போ" என்பார்கள். நான் எட்டு வருஷமாகப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். நிஜத் தரகருக்குக் கல்யாண வேட்டியோடு சரி.

போன கோடை விடுமுறையில் அணைக்கட்டு ஓரத்து முதலைப் பண்ணை ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். நான் சரவணனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி நின்றேன். மூன்றரை வயது மகள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பி வேலிக்குப் பக்கத்தில் போனாள். அவள் முதலையைப் பார்த்ததே இல்லை. கம்பிக்குள் எட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு அந்தப் பண்ணை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"அம்மா, பெரிய தரகரு."

கண்ணைத் திறக்காமலே, மாமா சிரிப்பது கேட்டது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமிக்கொண்டே போனை எடுத்தார். ஊரில் இருக்கும் அவர் வீட்டம்மாவிடம் பேசினார்.

"அடியே, கேட்டுக்க. இனிமே எவனாச்சும் எங்கிட்ட லச்சுமின்னு வாயத் தொறந்தான்னா, எம் பேத்தி முதலைக்கு வச்ச பேரச் சொல்லு."